எஜமானன் போன பிறகு

பூதத்தைப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆசை நம் நாட்டுக் கதைகளில் மிகப் பழையது. ஓயாமல் வேலை கேட்ட பூதத்திடம் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்த மனிதன் கதையைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் கதையில் எனக்கு எப்போதும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. அந்த மனிதன் நாலு நாள் வெளியூர் போய்விட்டால் பூதம் என்ன செய்யும்? வேலையை அப்படியே போட்டுவிட்டு அதுவும் போய்விடுமா, அல்லது ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து வாலை நிமிர்த்திக்கொண்டே இருக்குமா? இருக்கும் என்றால், யார் பேரைச் சொல்லிக்கொண்டு, எவ்வளவு அதிகாரத்தோடு அந்த வீட்டில் நடமாடும்?

கதை சொன்னவர்கள் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கம்ப்யூட்டர் சாஸ்திரம் வகுத்தவர்கள் கவலைப்பட்டே ஆக வேண்டியிருந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்த இரண்டு கேள்விகளோடும் அவர்கள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். லினக்ஸ் உலகத்தில் 2016-ம் வருஷம் இதை முன்னிட்டு ஒரு பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பூதம் என்றது கதாசிரியனின் கைச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரின் திரையில் முகம் காட்டாமல், யாரும் கூப்பிடாமலே பின்னணியில் இருந்து வேலை செய்யும் புரோகிராமுக்கு டீமன் என்பதே சாஸ்திர பூர்வமான பெயர். அந்தப் பெயர் வந்த வழியும் ரஸமானது. மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1867-ம் வருஷம் தம் சிநேகிதர் டெயிட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கற்பனை செய்தார். காற்று அடைத்த இரண்டு அறைகள். நடுவே மிகச் சிறிய கதவு. அந்தக் கதவண்டை ஒரு சூட்சும ஜீவன் நின்றுகொண்டு, வேகமாக வரும் அணுக்களை ஒரு பக்கமும் மெதுவாக வருபவற்றை மறுபக்கமும் பிரித்து அனுப்புகிறது. சலிப்பில்லாத வேலைக்காரன்! 1874-ல் வில்லியம் தாம்ஸன் அதற்கு டீமன் என்று நாமகரணம் செய்தார். 1963-ம் வருஷம் அமெரிக்காவில் மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ என்ற பேராசிரியரும் அவருடைய கோஷ்டியும் தங்கள் கம்ப்யூட்டரில் கண்மறைவாக ஓடும் புரோகிராம்களுக்கு இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கர்களின் பழைய டைமோன் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. மனிதர்களுக்கும் தேவர்களுக்கும் இடையே உலவுவது. ஸாக்ரடீஸ் தம் காதில் கேட்டதாகச் சொன்ன எச்சரிக்கைக் குரலும் இந்த ஜாதிதான்.

அந்த முதல் பூதத்தின் உத்தியோகம் என்ன தெரியுமா? எல்லோருடைய கோப்புகளுக்கும் காந்த நாடாவில் தானாகவே ஒரு பிரதி எடுத்து வைப்பது. பிரம்மாண்டமான பெயர், கணக்குப்பிள்ளையின் வேலை.

அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் வேலை நடந்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னல் வழியாக ஒரு குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கோ ஒரு கால்புள்ளி தவறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கொர்பாட்டோ கோஷ்டியார் 1961-ம் வருஷம் நவம்பரில் இதை மாற்றிக் காட்டினார்கள். கல்யாணப் பந்தியில் கைவேகம் உள்ள ஒரு பரிசாரகர் இலைக்கு இலை ஓடி, ஒவ்வொருவரும் தம்மைத் தனியாகக் கவனிப்பதாக நினைக்கும்படி செய்கிறார் அல்லவா? அதுபோல, ஒரே யந்திரம் பல பேருக்கு மாறி மாறிப் பரிமாறியது. பலர் உட்கார்ந்தால் இது யார் இலை, அது யார் இலை என்ற கேள்வி வரத்தானே செய்யும்? ஆளுக்கு ஒரு பெயர், இவ்வளவு நேரம், இவ்வளவு இடம், ஒரு ரகசியச் சொல் என்று ஏற்பட்டது. இன்று எல்லோரும் சொல்லும் யூஸர் அக்கவுண்டும் பாஸ்வேர்டும் இப்படி வந்தவை.

ஏற்பாடு பிரமாதம், ஆனால் 1966-ல் ஒரு கூத்து நடந்தது. அந்த யந்திரத்தை நிர்வகித்தவர்களில் ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதே சமயத்தில் பாஸ்வேர்டு பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே கணக்கின் கீழ் வேலை செய்தார்கள். ஒரு கணக்கில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட அந்தப் புரோகிராம் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டது. அப்புறம் உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் பாஸ்வேர்டு அத்தனையும் தரிசனம் தந்தன! 1990-ம் வருஷத்திய டூரிங் பரிசைப் பெற்ற கொர்பாட்டோ, அதற்கான சொற்பொழிவில் தாமே இதைச் சொல்லியிருக்கிறார். இது யார் பேரில் நடக்கிறது என்பதைக் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் மாதிரி.

1969-ல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆராய்ச்சிச் சாலையில் யூனிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லினக்ஸுக்கு அதுதான் தாய் வீடு. யூனிக்ஸில் ஒவ்வொரு பிரஜைக்கும் ஓர் எண் உண்டு. பூஜ்யம் என்ற எண் மட்டும் ராஜாவுக்கு. அவன் பெயர் ரூட். அவனுக்குப் பூட்டிய கதவு எதுவும் கிடையாது. எவருடைய கோப்பையும் அவன் திறக்கலாம், அழிக்கலாம், யாருடைய வேஷத்தையும் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் பலர் டெலிபோன் கம்பி மூலமாகத்தான் யந்திரத்தோடு பேசினார்கள். கம்பி அறுந்தால், அல்லது பேசியவர் டெலிபோனை வைத்துவிட்டால், யந்திரம் ஒரு சமிக்ஞை அனுப்பும். அந்த முனையிலிருந்து ஆரம்பித்த புரோகிராம்கள் எல்லாம் அதைக் கேட்டதும் உயிரை விட்டுவிடும். எஜமானனோடு உடன்கட்டை ஏறுவது போல. இது நியாயமான ஏற்பாடுதான். ஆள் போன பிறகு அவர் ஏவிவிட்ட வேலைகள் யந்திரத்தைத் தின்றுகொண்டிருப்பானேன்? ஆனால் ராத்திரி முழுவதும் ஓட வேண்டிய கணக்கு ஒன்று இருந்தால்? அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். நோஹப் என்ற கட்டளையை முன்னால் போட்டு ஏவினால், அந்தப் புரோகிராமின் காது மரண சமிக்ஞைக்குச் செவிடாகிவிடும். இன்று டெலிபோன் கம்பி எங்கேயும் தொங்கவில்லை. சமிக்ஞைக்கு மட்டும் ஹேங்-அப் என்ற பழைய பெயர் நிலைத்துவிட்டது.

முழு நேர பூதமாக மாறுவதற்கு இது போதாது. அதற்கு ஒரு சடங்கு உண்டு. கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த சடங்கு அது. யூனிக்ஸில் ஒரு புரோகிராம் இன்னொன்றைப் பிள்ளையாகப் பெறும். பூதமாக விரும்பும் புரோகிராம் முதலில் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தான் செத்துப்போகிறது. அநாதையான பிள்ளையை, எல்லாவற்றுக்கும் முதலில் பிறந்ததும் ஒன்று என்ற எண் உடையதுமான இனிட் என்ற புரோகிராம் தத்து எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளை, தான் பிறந்த முனையோடு உறவை அறுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகிறது. பிறகு அதுவும் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு இறக்கிறது. பேரப் பிள்ளை இனி எந்த முனையோடும் பந்தம் கொள்ள வழியில்லாமல் போவதற்காக இந்த இரண்டாம் சாவு. அதன் பின் பேரன் தான் நின்ற அடைவை விட்டு அடிவாரத்துக்குப் போய்விடுகிறான். கேட்கும் வாய், பேசும் வாய், முறையிடும் வாய் மூன்றையும் மூடிக்கொள்கிறான். பூதமாகிற சடங்கு என்று சொன்னார்களே தவிர, வீட்டைத் துறந்து சந்நியாசம் வாங்குவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. சந்நியாசிக்குப் பூர்வாசிரமப் பெயர் போய்விடும், பூதத்துக்குப் போகாது. எத்தனை சாவு விழுந்தாலும், யார் தத்து எடுத்தாலும், முதலில் ஏவியவனுடைய எண் அதன் நெற்றியில் எழுதியபடியே இருக்கும். அந்த எண்ணுக்கு எவ்வளவு அதிகாரமோ, பூதத்துக்கும் அவ்வளவு. இதனால் எஜமானன் போனபின் பூதம் இருக்குமா என்பதைவிட, அது யாருடைய பூதம் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

ஆரம்பத்தில் பூதங்களில் பெரும்பாலானவை ரூட்டின் பூதங்கள். அதற்குக் காரணமும் இருந்தது. வலைப்பின்னலில் 1024-க்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள வாசல்களைத் திறக்க ரூட்டுக்கு மட்டுமே பாத்தியதை என்று பெர்க்லி யூனிக்ஸில் விதித்திருந்தார்கள். தபால் வாங்கும் வாசல் 25. விரல் சேவகம் என்ற ஒன்றின் வாசல் 79. தபாலை ஊராருடைய பெட்டியிலெல்லாம் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்கும் ராஜ முத்திரை சௌகரியம். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் கிரான் என்ற பூதம் 1979-ம் வருஷத்திய யூனிக்ஸில் ரூட்டின் பெயரில்தான் ஓடியது. அதனிடம் இருந்த ஒரே பட்டியல் ராஜாவின் பட்டியல். வாயிற்காவலனுக்கும் சமையற்காரனுக்கும் அரண்மனைச் சாவிக் கொத்தையே கொடுத்துவிடுகிற வழக்கம் இது. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரமே தர வேண்டும் என்று மாசச்சூஸெட்ஸ் கழகத்து ஸால்ட்ஸரும், ஷ்ரோடரும் 1975-லேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். படித்தவர்கள் பாராட்டினார்கள். சாவிக் கொத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

1988-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி ராத்திரி அதற்கு ஒரு சோதனை வந்தது. கார்னல் சர்வகலாசாலை மாணவன் ராபர்ட் டாப்பன் மாரிஸ், வயது 22, ஒரு புரோகிராமை வலைப்பின்னலில் விட்டான். அது யந்திரத்திலிருந்து யந்திரத்துக்குத் தானே தாவியது. தாவியது எந்த வழியாக என்கிறீர்கள்? பூதங்கள் காவல் நின்ற வாசல் வழியாகத்தான். ஸென்ட்மெயில் என்ற தபால் பூதத்தில், பரிசோதனைக்காக வைத்த ஒரு திட்டிவாசலை மூடாமல் விட்டிருந்தார்கள். பெறுபவர் விலாசம் எழுத வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதினால் அது நிறைவேறியது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லும் விரல் சேவகத்தின் பூதம், வரும் கேள்விக்காக 512 எழுத்து இடம் ஒதுக்கியிருந்தது. கேள்வி அதைவிட நீளமா என்று பார்க்கவில்லை. மாரிஸின் புழு 536 எழுத்துக்களை அனுப்பியது. மிஞ்சிய எழுத்துக்கள் பூதத்தின் புத்திக்குள்ளேயே வழிந்து அதைத் தன் வசமாக்கிக்கொண்டன. இவை பலிக்காத இடங்களில் 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டுகளை ஊகித்தது.

நுழைந்த யந்திரத்துக்குள்ளேயே மறுபடியும் மறுபடியும் நுழைந்ததால் யந்திரங்கள் மூச்சுத் திணறி நின்றன. அன்று வலைப்பின்னலில் இருந்த சுமார் 60,000 யந்திரங்களில் 6,000 வரை பாதிக்கப்பட்டிருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 1990-ல் மாரிஸுக்கு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரப் பொதுப்பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். பிற்பாடு அவர் அதே மாசச்சூஸெட்ஸ் கழகத்தில் பேராசிரியரானார். நான் இதை நாவலில் எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னால் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுவார். யூனிக்ஸில் பாஸ்வேர்டுகளை மறைபொருளாக்கி வைக்கும் முறையை வகுத்தவர் பெல் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த ராபர்ட் மாரிஸ். பிள்ளையாண்டானின் தகப்பனார்!

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புழு ராஜ முத்திரையைத் தேடிப் போகவே இல்லை. பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டவர்களுக்கு அப்போதுதான் சாவிக் கொத்து ஞாபகத்துக்கு வந்தது. மெள்ள மெள்ளப் பூதங்களின் நெற்றி எண்ணை மாற்றலானார்கள். 1998-ல் வீட்ஸெ வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் தபால் வேலையைப் பல சிறு பூதங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பெரும்பாலானவற்றிடமிருந்து ரூட்டின் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. 2002-ல் ஓபன்-எஸ்எஸ்எச், முன் வாசலில் நின்று அந்நியரோடு பேசுகிறவனுக்கு அதிகாரம் வேண்டியதில்லை, உள்ளே ஒருவன் இருந்தால் போதும் என்று வேலையை இரண்டாகப் பிளந்தது. பூதங்களுக்கென்றே தனிப் பிரஜைகளைச் சிருஷ்டித்தார்கள். டெபியன் லினக்ஸில் வலைத்தளம் நடத்தும் பூதத்தின் பெயர் டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா. இந்த ஜாதிப் பிரஜைகளுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார உரிமை கிடையாது. நோபடி என்றே ஒரு பிரஜை உண்டு. ஒருவருமில்லை என்பவர்!

இவையெல்லாம் அரண்மனை விவகாரம். சாமானியப் பிரஜைக்கு ஒரு பூதம் வேண்டுமென்றால்?

கிரான் விஷயத்தில் அவனுக்குச் சீக்கிரமே பங்கு கிடைத்துவிட்டது. பால் விக்ஸி 1987-ல் எழுதிய கிரானில் ஒவ்வொரு பிரஜையும் தனக்கென்று பட்டியல் வைத்துக்கொள்ளலாம். வேலை அவரவர் பெயரிலேயே நடக்கும். 1991-ல் ஹெல்ஸிங்கி மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பிறகு அவனவன் வீட்டில் அவனவனே ராஜாவாக முடிந்தது. அதனால் ஒரு கெட்ட பழக்கம்: சின்ன வேலைக்கும் ரூட்டின் கிரீடத்தைப் போட்டுக்கொள்வது. பலர் கூடி வாழும் யந்திரத்தில் அது நடக்காது. அங்கே சாமானியன் நோஹப்பையும், ஸ்க்ரீன், டிமக்ஸ் போன்ற சாதனங்களையும் நம்பிக் காலம் தள்ளினான். பூதம் இடையில் செத்தால் எழுப்ப ஆள் இல்லை. யந்திரம் நின்று மறுபடி கிளம்பினால் ஏவவும் ஆள் இல்லை.

2010-ம் வருஷம் ஏப்ரலில் லெனார்ட் பொயட்டரிங் சிஸ்டம்டி என்ற புதிய திட்டத்தை அறிவித்தார். முதல் பிள்ளையான இனிட்டின் ஸ்தானத்தில் அது உட்கார்ந்தது. இரண்டு சாவுச் சடங்கு இனி வேண்டாம் என்று அது சொல்லிவிட்டது. பூதம் சாதாரணப் புரோகிராமாகவே இருக்கலாம். பெறுவதும், கண்காணிப்பதும், செத்தால் எழுப்புவதும் சிஸ்டம்டியின் பொறுப்பு. எந்தப் புரோகிராம், எப்போது கிளம்ப வேண்டும், விழுந்தால் என்ன செய்வது என்று பத்து வரிகளில் ஒரு சீட்டு எழுதி வைத்தால் போதும்.

இதில் சாமானியனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சீட்டை அரண்மனைக் கச்சேரியில் வைத்து, யூஸர் என்ற வரியில் அவன் பெயரை எழுதுவது. ராஜாவின் காரியஸ்தர் பூதத்தை ஏவுவார். பூதம் சாமானியனின் எண்ணோடு ஓடும். ஆனால் சீட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் கச்சேரிக்குப் போக வேண்டும். இரண்டாவது, சிஸ்டம்டி ஒவ்வொரு பிரஜைக்கும் தனித்தனியாக ஒரு குட்டிக் காரியஸ்தரை நியமித்திருக்கிறது. அவரிடம் சீட்டைக் கொடுப்பது. சீட்டு நம் வீட்டிலேயே இருக்கும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அரண்மனைச் சீட்டைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கிறவர்கள் மட்டும் அவஸ்தைப்படுவார்கள். அங்கே எந்தக் கட்டத்தில் கிளம்ப வேண்டும் என்பதற்கு மல்டி-யூஸர் என்று எழுதுவது வழக்கம். குட்டிக் காரியஸ்தருக்கு அந்தக் கட்டமே தெரியாது. டிஃபால்ட் என்று எழுதினால்தான் அவருக்குப் புரியும்.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு சிநேகிதரின் மகனால். பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு யந்திரத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் உண்டு. என் கையெழுத்துப் பிரதிகளை மணிக்கொரு தரம் அங்கே சேகரித்து வைக்க ஒரு பூதத்தை அந்தப் பையன் அமர்த்திக் கொடுத்திருந்தான். நான் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருந்த பூதம், ராத்திரியில் ஒரு பிரதிகூட எடுக்கவில்லை.

"நீங்கள் வெளியே வந்ததும் உங்கள் காரியஸ்தரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், மாமா. அவர் போகும்போது பூதத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்" என்றான்.

"பூதத்துக்கு ராத்திரி வேலை கிடையாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?"

"லிங்கர் என்று ஒரு அனுமதி இருக்கிறது, அதை வாங்கவில்லை. இந்த யந்திரத்தில் நிர்வாகியிடம் கேட்க வேண்டும். கேட்டு வைக்கிறேன்."

"எதற்கு இந்தச் சள்ளை? பேசாமல் ரூட்டின் பெயரிலேயே ஏவிவிட்டால் என்ன?"

"உங்கள் பூதம் தப்புச் செய்தால் உங்கள் வீடு மட்டும் எரியட்டும், மாமா. ஊர் எரிய வேண்டாம்" என்றான் பையன், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவன் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊர் எரிந்தால் மறுபடி கட்டிவிடலாம்; லினக்ஸ் முழுவதையும் அரை மணியில் புதிதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். எரியக் கூடாத சாமான், பாதி எழுதிய நாவல், என் வீட்டில்தானே இருக்கிறது? என் பெயரில் ஓடும் பூதம் என் வீட்டில் இருக்கும் எதையும் தின்னலாம். ராஜாவையும் அண்டை வீட்டுக்காரரையும் என்னிடமிருந்து காப்பாற்ற எத்தனையோ ஏற்பாடு செய்தவர்கள், என்னை என் வேலைக்காரனிடமிருந்து காப்பாற்ற அவ்வளவு அக்கறை காட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

இனிச் சண்டைக்கு வருவோம். 2016-ம் வருஷம் மே மாதம் சிஸ்டம்டியின் 230-ம் பதிப்பு வெளிவந்தது. பிரஜை வெளியேறியதும், அவனுடைய அமர்வில் ஓடும் புரோகிராம்கள் அத்தனையையும் கொன்றுவிடுவது என்பதை அதில் இயல்பான வழக்கமாக ஆக்கினார்கள். நோஹப்பினால் செவிடானவையும் தப்பவில்லை. ஸ்க்ரீனும் டிமக்ஸும் தப்பவில்லை. ராத்திரி கணக்கை ஓடவிட்டுப் படுக்கப் போகிறவர்களின் உலகத்தில் பெருங் கூச்சல் கிளம்பியது. செய்தவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பலர் வந்து போகும் யந்திரத்தில், போனவர்கள் விட்டுச் சென்ற பூதங்கள் யார் கேள்வியுமில்லாமல் உலவுவது ஆபத்து. இருக்க விரும்பும் பூதம் அனுமதி வாங்கிக்கொண்டு இருக்கட்டும் என்றார்கள். கொள்கையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல வருஷங்களாகக் குடியிருக்கிறவனின் சாமான்களைத் தெருவில் போட்டுவிட்டு, விண்ணப்பம் கொடுத்தால் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது என்ன முறை? டெபியன்காரர்களும் ஃபெடோராக்காரர்களும் தங்கள் விநியோகத்தில் அந்த வழக்கத்தை அணைத்துவிட்டே கொடுத்தார்கள்.

அணைத்தாலும், குட்டிக் காரியஸ்தரிடம் ஒப்படைத்த பூதங்களின் நிலைமை மாறவில்லை. கடைசி அமர்வு முடிந்ததும் காரியஸ்தர் கிளம்பிவிடுவார். அவை அவரோடு போய்விடும். லிங்கர் அனுமதி வாங்கினால்தான் அவர் இருப்பார். அந்த அனுமதியை யந்திரம் பதிந்துகொள்ளும் விதம் மிக எளியது. சிஸ்டம்டியின் கிடங்கில் லிங்கர் என்ற பெயரில் ஓர் அடைவு. அதற்குள் அனுமதி பெற்ற ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு. திறந்து பார்த்தால் கோப்புக்குள் ஓர் எழுத்தும் இராது. நிர்வாகி அந்த அடைவை எட்டிப் பார்த்தால், இந்த வீட்டில் இல்லாத எத்தனை பேருடைய வேலைக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் அனுமதியை ரத்து செய்துவிடலாம். யந்திரம் ஒவ்வொரு தரமும் விழித்தெழும்போது, மனிதர் யாரும் உள்ளே வருவதற்கு முன், சிஸ்டம்டி அந்தப் பெயர்களைப் பார்த்து ஒவ்வொருவருடைய காரியஸ்தரையும் வரவழைக்கிறது. பையன் கேட்டு வைத்த மறுநாள் என் பெயரிலும் அங்கே ஒரு வெற்றுக் கோப்பு ஏற்பட்டது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த பிரதி காலையில் எனக்காகக் காத்திருந்தது.